ஓடிபி வரவில்லை, வயிறு சரியில்லை, திண்ணையில் கேள்வி: ஊர் திரும்பியவருக்கான பழுது நீக்கும் குறிப்பு

2024 அக்டோபரில் திருச்சியிலிருந்து கோலாலம்பூருக்கு விமானம் ஏறினேன். மலேசியாவில் 30 நாள், தாய்லாந்தில் 60, லாவோஸில் 30, வியட்நாமில் 90, கம்போடியாவில் 30. நம்ம பாஸ்போர்ட்டுக்கு அப்போது அந்தந்த நாடு தந்த நாட்களை அப்படியே கூட்டினால் 240. அதுதான் என் பயணத் திட்டம், வேறு திட்டம் கிடையாது. முதுகில் ஒன்பது கிலோ பை. படுக்கை பெரும்பாலும் எட்டுப் பேர் படுக்கும் அறையில் மேல் கட்டில். 2025 ஜூன் முதல் வாரம் ஊர் வந்து சேர்ந்தேன். நீடாமங்கலத்தைத் தாண்டி, கோரையாற்றங்கரையில் ஒரு கிராமம். ஆறு வறண்டு கிடந்தது. மேட்டூர் அணை திறக்க இன்னும் ஒரு வாரத்துக்கு மேல் இருந்தது.

கிளம்புவதற்கு முன் என்னென்ன செய்ய வேண்டும் என்று சொல்ல ஊரெல்லாம் ஆள் இருந்தது. திரும்பி வந்தால் எதெல்லாம் ஓடாது என்று ஒருவரும் சொல்லவில்லை. முதல் மாதத்தில் எனக்குப் பழுதானவற்றை வரிசையில்லாமல் எழுதியிருக்கிறேன். உங்களுக்கு எது பொருந்துகிறதோ அதை மட்டும் படித்தால் போதும். காய்ச்சல் இருந்தால் மட்டும் மற்றதை விட்டுவிட்டு நேரே அந்தப் பகுதிக்குப் போங்கள். காய்ச்சல் இல்லையா, கைபேசி எண்ணிலிருந்து தொடங்குங்கள். மீதி எல்லாம் அந்த ஒரு கொடியில்தான் தொங்குகிறது.

அறிகுறி: ஊர் சிம்மைப் போட்டால் சிக்னலே இல்லை

விமான நிலையத்தில் சிம் தட்டைத் திறக்க ஊசி இல்லை. கம்மலைக் கழற்றிக் குத்தித் திறந்தேன். பழைய சிம்மைப் போட்டால் ஒன்றும் வரவில்லை. துடைத்துப் போட்டேன், போனை அணைத்துப் போட்டேன். எல்லாம் வீண் வேலை. மாதக்கணக்கில் வெளியே இருந்தவருக்குச் சிக்னல் வரவில்லை என்றால் பழுது பெரும்பாலும் போனில் இருக்காது. எண் செத்திருக்கும்.

பிரீபெய்ட் எண்ணை 90 நாள் எதற்குமே பயன்படுத்தாமல் விட்டு, கணக்கில் 20 ரூபாய்க்கும் குறைவாக இருந்தால் நிறுவனம் அதைத் துண்டித்துவிடலாம். 20 ரூபாய் இருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு மேலும் 30 நாள் எண்ணை உயிரோடு வைத்திருக்கும். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2013-ல் கொண்டுவந்த ஏற்பாடு இது. துண்டித்த பிறகும் 15 நாள் அவகாசம் உண்டு, 20 ரூபாய் கட்டி மீட்கலாம். பினாங்கில் நான் சிம்மைக் கழற்றி பர்ஸில் போட்டபோது கணக்கில் இருந்தது 11 ரூபாய். 20 இருந்திருந்தாலும் இன்னும் 30 நாள்தான் தாங்கியிருக்கும்; பன்னிரண்டு வருஷத்து எண் போனது.

ஏமாந்ததற்கு வாட்ஸ்ஆப்பும் ஒரு காரணம். பழைய எண்ணிலேயே எட்டு மாதமும் அம்மாவோடு பேசிக்கொண்டிருந்தேன், அதனால் எண் நன்றாகத்தான் இருக்கிறது என்று நம்பினேன். ஆனால் உள்ளே சிம் செத்துப் பல மாதம் ஆகியும் வாட்ஸ்ஆப் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அதை நாடித்துடிப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

சோதிக்க ஒரே வழி, வேறு போனிலிருந்து உங்கள் எண்ணுக்கே அடித்துப் பார்ப்பது. "உபயோகத்தில் இல்லை" என்று குரல் சொன்னால் நல்ல செய்தி, இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை. ஆதாரோடு அன்றைக்கே அந்த நிறுவனத்தின் கடைக்குப் போய்க் கேளுங்கள். மணி அடித்து யாராவது எடுத்தால் கதை முடிந்தது. என் எண்ணை எடுத்தவர் ஒரு தாத்தா. "யாரு பாப்பா நீ? நாலு நாளா பேங்குலேர்ந்து என்னென்னமோ மெசேஜ் வருதே, உனக்குத்தானா?" என்றார். நல்ல மனிதர், அத்தனையையும் அழித்துவிட்டதாகச் சொன்னார். எல்லோருக்கும் அப்படி ஒரு தாத்தா வாய்ப்பதில்லை. எண் கைமாறியது தெரிந்த அன்றே வங்கிக்கு எழுதிக் கொடுங்கள். வாட்ஸ்ஆப் அமைப்பில் "எண்ணை மாற்று" என்று ஒன்று இருக்கிறது. புது எண் வாங்கியதும் முதல் வேலையாக அதைச் செய்தால் பழைய உரையாடல்கள் தப்பும்.

புது எண் வாங்க ஓடிபி தேவையில்லை, கடையில் கட்டைவிரல் வைத்தால் போதும். அடுத்து ஆதார். மையத்துக்கு நேரில் போய் விரல் ரேகை வைத்துக் கைபேசி எண்ணை மாற்றும்போது பழைய எண்ணுக்கு எதுவும் போகாது, ஆகவே அங்கே சிக்கிக்கொள்ள மாட்டீர்கள். அப்போது 50 ரூபாய் கட்டினேன், 2025 அக்டோபர் முதல் 75. மூன்றாவது வங்கி. இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்து ஒரு வாரம் அலைந்தேன்.

அறிகுறி: சிக்னல் வருகிறது, பேச முடிகிறது, ஓடிபி மட்டும் வரவில்லை

அதே எண்ணுக்குப் புது சிம் அட்டை மாற்றி வாங்கினீர்களா? அப்படியானால் 24 மணி நேரம் காத்திருங்கள். சிம் மாற்றிய பிறகு ஒரு நாள் குறுஞ்செய்தி போகாமலும் வராமலும் தடுத்து வைப்பது தொலைத்தொடர்புத் துறை போட்ட கட்டாயம். உங்கள் எண்ணில் வேறொருவர் சிம் வாங்கிப் பணத்தை உருவிவிடக் கூடாது என்பதற்காக. கடைப் பையன் இதைச் சொல்ல மறந்துவிடுவான், நீங்கள் வங்கி வாசலில் நின்று "ஓடிபி அனுப்பு, அனுப்பு" என்று தட்டிக்கொண்டே இருப்பீர்கள், வங்கிச் செயலி உங்களைப் பூட்டிவிடும். போய் சாப்பிட்டுத் தூங்குங்கள்.

அறிகுறி: வங்கிக் கணக்கு முடங்கிவிட்டது

எட்டு மாதம், பத்து மாதம் தொடவில்லை என்பதற்காகக் கணக்கு செயலற்றதாகாது. அதற்கு நீங்களாக ஒரு பரிவர்த்தனையும் செய்யாமல் இரண்டு வருஷம் கடக்க வேண்டும், ரிசர்வ் வங்கி வைத்த விதி அது. அப்படியே ஆனாலும் அதை மீண்டும் உயிர்ப்பிக்கக் கட்டணம் வாங்கக் கூடாது. சில மாதத்திலேயே முடங்கியிருந்தால் காரணம் பெரும்பாலும் கே.ஒய்.சி. (வங்கி அவ்வப்போது கேட்கும் அடையாள, முகவரிச் சரிபார்ப்பு) கெடு முடிந்திருக்கும், அதைப் பற்றி வந்த செய்தி உங்கள் செத்துப்போன எண்ணுக்கோ, யாரோ ஒரு தாத்தாவுக்கோ போயிருக்கும். கிளையில் கேட்கும்போது "கணக்கு ஏன் ஓடலை" என்று கேட்காமல் "கே.ஒய்.சி. நிலுவையா" என்று கேளுங்கள். முகவரி மாறவில்லை என்றால் ஒரு உறுதிமொழித் தாளோடு முடியும் வேலை.

யுபிஐயைப் புது எண்ணில் பதிந்த முதல் 24 மணி நேரத்துக்கு 5,000 ரூபாய்க்கு மேல் அனுப்ப முடியாது. அப்பாவின் உரக்கடை பாக்கியை அன்றைக்கே தீர்த்துப் பெயர் வாங்கலாம் என்று நினைத்தேன், நடக்கவில்லை.

அறிகுறி: நான் ஊருக்கு வந்துவிட்டேன், பணம் இன்னும் அங்கே போய்க்கொண்டிருக்கிறது

ஒரு விடுதியில் முன்பணத்துக்காகக் கொடுத்த அட்டை விவரம், நான் நீடாமங்கலத்தில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மறுபடி உபயோகமானது. முதலில் செயலியைத் திறந்து அட்டையின் வெளிநாட்டுப் பயன்பாட்டை அணையுங்கள். அந்தப் பொத்தானை எல்லா வங்கியும் கொடுத்தாக வேண்டும் என்பது விதி. பிறகு வங்கிக்குப் புகார், புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். தவறு உங்களுடையதும் இல்லை, வங்கியுடையதும் இல்லை என்றால், செய்தி வந்த மூன்று வேலை நாளுக்குள் சொன்னவருக்குப் பொறுப்பு ஏதும் இல்லை. நான்கிலிருந்து ஏழு நாள் வரை ஆனால் ஒரு வரம்பு வரை உங்கள் தலையில் விழும். அதனால்தான் எண்ணை முதலில் சரிசெய்யச் சொன்னேன், செய்தி வந்தால்தானே மூன்று நாளை எண்ண முடியும். நல்ல யோசனை கேட்டால், விமானத்தை விட்டு இறங்கும்போதே அந்தப் பொத்தானை அணைத்துவிடுங்கள்.

அறிகுறி: காய்ச்சல்

இதில் மட்டும் விளையாட்டு வேண்டாம்.

வந்த ஐந்தாம் நாள் எனக்குக் காய்ச்சல். அம்மா திருஷ்டி என்றாள், மிளகாய் சுற்றிப் போட்டாள். பக்கத்து ஊரில் ஒரு மருத்துவர் "இப்ப எல்லாருக்கும் வருது, வைரல்" என்று மூன்று நாளைக்கு மாத்திரை எழுதினார். அவரைக் குறை சொல்ல முடியாது, நான்தான் எங்கிருந்து வருகிறேன் என்று வாய் திறக்கவில்லை. குறையாமல் போகவே, ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனேன். அங்கே இருந்த செவிலியர் அக்கா முதல் கேள்வியே, "வெளியூர் எங்கயாவது போயிருந்தியாம்மா?" என்றார். கம்போடியாவில் மொண்டல்கிரி மலைக்காட்டில் கடைசி இரண்டு வாரம் நடந்தேன் என்றதும் ரத்தத் தடவல் எடுத்தார்கள், பிறகு உடம்பு முழுக்கப் பார்க்க வேண்டும் என்றார்கள். முழங்காலுக்குப் பின்மடிப்பில் சிகரெட் சுட்ட மாதிரி ஒரு கறுப்புப் பொருக்கு. எனக்கே தெரியாது. உண்ணிக் காய்ச்சல். டாக்ஸிசைக்ளின் தொடங்கிய இரண்டாம் நாள் எழுந்து உட்கார்ந்தேன்.

ஆகவே மருத்துவரிடம் உங்கள் அறிகுறிக்கு முன்னால் சொல்ல வேண்டியது ஊர்ப்பெயர். எந்த நாடு, காடா நகரமா, அங்கிருந்து கிளம்பிய தேதி எது. தேதி ஏன் என்றால் ஒவ்வொரு நோயும் உடம்பில் பதுங்கும் நாள் வேறு. டெங்கு பெரும்பாலும் கடித்த நாலு முதல் பத்து நாளில் வெளியே வரும், ஊர் வந்து மூன்று வாரம் கழித்து டெங்கு வந்தால் அது பெரும்பாலும் நம்ம ஊர்க் கொசுவின் வேலை. உண்ணிக் காய்ச்சலுக்கு ஆறு நாளிலிருந்து மூன்று வாரம் வரை. டைபாய்டுக்கும் எலிக்காய்ச்சலுக்கும் ஒரு மாதம்கூட ஆகலாம். மலேரியாவில் பால்சிபாரம் வகை பெரும்பாலும் ஒரு மாதத்துக்குள் காட்டிக்கொடுக்கும். வைவாக்ஸ் வகை கல்லீரலில் ஒளிந்திருந்து பல மாதம் கழித்துத் தலைகாட்டும். ஆகவே ஒரு வருஷம் வரைக்கும் எந்தக் காய்ச்சலுக்குப் போனாலும் "போன வருஷம் அங்கே இருந்தேன்" என்று சொல்லிவிடுங்கள். ஒரு தடவல் சோதனையில் ஒன்றுமில்லை என்று வந்தாலும் காய்ச்சல் விடவில்லையென்றால் மறுநாள் மறுபடி எடுக்கச் சொல்லுங்கள். கம்போடியா, தாய்லாந்து எல்லைக் காடுகளில் வழக்கமான மருந்துக்குச் சீக்கிரம் அடங்காத மலேரியா இருப்பதும் மருத்துவருக்குத் தெரிய வேண்டிய விஷயம்.

அதுவரை பாராசிட்டமால் மட்டும். உடம்பு வலிக்கிறது என்று ஆஸ்பிரின், இபுபுரூபன் வகையறாவைத் தொடாதீர்கள், டெங்குவாக இருந்தால் ரத்தக்கசிவில் கொண்டுவிடும். மூச்சுத் திணறல், புத்தி தடுமாறுதல், ரத்தம் கசிதல், சிறுநீர் குறைதல் இருந்தால் இதைப் படித்துக்கொண்டிருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

அறிகுறி: அம்மா சமையலே ஒத்துக்கொள்ளவில்லை

வந்த அன்று மத்தியானம் வாழை இலை போட்டார்கள். சாம்பார், வத்தக்குழம்பு, அவியல், பால் பாயசம், கட்டித் தயிர். எட்டு மாதமாக எதையெல்லாம் நினைத்து நாக்கைச் சப்புக்கொட்டினேனோ அதெல்லாம். சாயங்காலம் வயிறு தவில் மாதிரி ஆனது. அம்மாவுக்கு முகம் விழுந்துவிட்டது.

அந்த நாடுகளில் பாலும் தயிரும் அதிகம் புழங்குவதில்லை. நீண்ட நாள் பால் படாத வயிற்றுக்கு, அதுவும் இடையில் ஒன்றிரண்டு முறை பேதியும் கண்டிருந்தால், பாலின் சர்க்கரையைச் செரிக்கச் சிரமம். அதோடு பருப்பும் தேங்காயும் ஒரே நாளில் இறங்கினால் கேட்கவா வேண்டும். நாலு நாள் இட்லி, ரசஞ்சாதம், நீர்மோர். தயிரை விட மோர், பாலை விடத் தயிர் என்று படி ஏறுங்கள். கும்பகோணம் டிகிரி காபிக்கு ஒரு வாரம் பொறுக்க வேண்டும். நான் பொறுக்கவில்லை, அது வேறு விஷயம்.

பேதி இரண்டு வாரத்தைத் தாண்டுகிறது, எண்ணெய்ப் பசையாக மிதக்கிறது, ஏப்பம் அழுகிய முட்டை நாற்றம் என்றால் சாப்பாட்டின் மேல் பழி போடாதீர்கள். ஜியார்டியா என்ற ஒட்டுண்ணியாக இருக்கலாம். மலப் பரிசோதனை செய்து மருந்து சாப்பிட்டால் போய்விடும், பத்தியத்தால் போகாது. உப்புச் சர்க்கரைப் பொட்டலத்தைக் கலக்கும்போது ஒரு லிட்டர் தண்ணீருக்கானதை ஒரு டம்ளரில் கரைக்காதீர்கள், எங்கள் வீட்டில் அதுதான் நடந்தது.

அறிகுறி: ராத்திரி ஆனால் அரிப்பு

விரலிடுக்கு, மணிக்கட்டு, இடுப்பு, அக்குள். ராத்திரி படுத்தால் அதிகமாகிறது என்றால் சிரங்குப் பூச்சியை நினையுங்கள். முதல் தடவை தொற்றினால் அரிப்பு தெரியவே நாலு முதல் ஆறு வாரம் ஆகும், அதனால் "கடைசி விடுதி சுத்தமாத்தானே இருந்துச்சு" என்று குழம்பாதீர்கள். அதற்கு முந்தினதாக இருக்கும். பெர்மெத்ரின் 5 சதவீத களிம்பைக் கழுத்துக்குக் கீழே ஒரு இடம் விடாமல் தடவி, எட்டு முதல் பதினாலு மணி நேரம் வைத்துக் குளிக்க வேண்டும், ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை. வீட்டில் இருக்கிற எல்லோரும் ஒரே நாளில் தடவ வேண்டும். அப்பாவை இதற்கு இணங்க வைத்ததுதான் என் மொத்தப் பயணத்திலேயே கஷ்டமான பேச்சுவார்த்தை.

வரிசையாக மூன்று நாலு தடிப்பு, கை கால் போன்ற திறந்த இடங்களில் என்றால் அது மூட்டைப்பூச்சி. பையைக் கூடத்துக்குள் கொண்டு வராதீர்கள். திண்ணையிலேயே அவிழ்த்து, துணியை நேரே கொதிநீரில் போடுங்கள். பையை மொட்டை மாடி வெயிலில் வைத்தால் மட்டும் தையலுக்குள் இருப்பது சாகாது, சூடு உள்ளே போய்ச் சேராது. தையல் தையலாகத் தேய்த்து வெந்நீர் ஊற்றித்தான் நான் தப்பித்தேன்.

அறிகுறி: விடியற்காலை நாலரைக்கு விழிப்பு

வியட்நாமும் கம்போடியாவும் நம்மை விட ஒன்றரை மணி நேரம் முன்னால். அங்கே ஆறு மணி என்றால் இங்கே நாலரை. இதற்கு ஜெட்லாக் என்று பெரிய பெயர் வைக்க வேண்டாம், இரண்டு மூன்று நாளில் போய்விடும். எங்கள் தெருவில் "பொண்ணு வெளிநாடு போய் ஒழுக்கமா மாறிட்டா" என்று பேச்சு வந்தது, அதைக் கெடுக்காமல் வாசல் தெளித்துக் கோலம் போட்டேன். ஐரோப்பா, அமெரிக்காவிலிருந்து வருபவர்களுக்குத்தான் ஒரு மணி வித்தியாசத்துக்கு ஏறக்குறைய ஒரு நாள் என்ற கணக்கு. பகலில் வெளிச்சத்தில் இருங்கள், மத்தியானம் கட்டையைச் சாய்க்காதீர்கள்.

அறிகுறி: மாதவிடாய் தள்ளிப்போகிறது

எடை இறங்கியிருந்தாலும் அலைச்சலாலும் ஆகும். கர்ப்பம் இல்லை என்று உறுதியாகி, மூன்று மாதம் ஆகியும் வரவில்லை என்றால் மகளிர் மருத்துவர். அவ்வளவுதான்.

அறிகுறி: ஸ்கூட்டி எடுக்கவில்லை

பொத்தானை அழுத்தினால் "டிக் டிக்" என்று மட்டும் கேட்டால் பேட்டரி. புது மாடல் வண்டிகளில் பேட்டரி அடியோடு இறங்கிப்போனால் உதைத்தாலும் எடுக்காது, கழற்றிக் கொண்டுபோய் சார்ஜ் போடுங்கள். சுழல்கிறது, ஆனால் பற்றவில்லை என்றால் பெட்ரோல். இப்போது வரும் பெட்ரோலில் எத்தனால் கலப்பு உண்டு, அது ஈரத்தை இழுக்கும். மாதக்கணக்கில் நின்றதை வடித்துவிட்டுப் புதிதாக ஊற்றச் சொன்னார் மெக்கானிக் அண்ணன். காற்று வடிகட்டிக்குள் எலி வைக்கோல் சேர்த்திருந்தது, டெல்டா எலிக்கு அறுவடைக்குப் பிறகு வேறு என்ன வேலை. வண்டி ஓடிய சந்தோஷத்தில் மன்னார்குடிக்குக் கிளம்பிவிடாதீர்கள். இன்சூரன்ஸ் தேதியைப் பாருங்கள். முடிந்து 90 நாள் தாண்டினால் கோரிக்கை இல்லாததற்கான தள்ளுபடியும் போய்விடும்.

அறிகுறி: "என்ன கொண்டு வந்தே?"

எங்கள் பக்கத்தில் வெளிநாடு போவது என்றால் சம்பாதிக்கப் போவது. கொஞ்ச தூரத்தில் இருக்கும் கூத்தாநல்லூரைச் சின்ன சிங்கப்பூர் என்றே சொல்வார்கள். மூன்று தலைமுறையாக மலேயா, சிங்கப்பூர், பிறகு வளைகுடா என்று போய் வந்த ஊர்கள் இவை. திரும்புபவர் பெட்டியைக் கூடத்தில் வைத்துத் திறப்பது ஒரு சடங்கு. கோடாலித் தைலம், மைலோ, நிடோ, கைலி, டார்ச் லைட், சென்ட் பாட்டில். அந்தப் பெட்டிக்காகக் காத்திருந்த கண்களுக்கு முன்னால் நான் ஒன்பது கிலோ பையைத் திறந்து அழுக்குத் துணியைக் கொட்டினேன். போகும்போது இருந்ததை விட மெலிந்து, கறுத்து, கையில் காசில்லாமல் வந்திருக்கிறாள். பெரியம்மா கேட்டது நியாயமான கேள்வி: "அப்ப எதுக்குடி போனே?"

இதை அவமானமாக எடுத்துக்கொண்டு விளக்கப் புறப்பட்டால் பழுது பெரிதாகும். "அனுபவம்" என்று சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை. அவர்கள் கேட்டது பொருளையே அல்ல, உன் நினைவில் நாங்கள் இருந்தோமா என்பதைத்தான். பினாங்கிலோ பாங்காக்கிலோ மூக்கில் வைத்து உறிஞ்சும் தைலக் குழல் இருபது வாங்கியிருந்தால் கால் கிலோகூட வராது, பெரியம்மாவிலிருந்து தபால்காரர் வரை கொடுத்திருக்கலாம். வாங்காமல் வந்துவிட்டீர்களா, திருச்சியிலேயே வெளிநாட்டுச் சாமான் கடையில் வாங்கிக்கொண்டு போங்கள். இதில் பொய் இருக்கிறதுதான். பெரியம்மா குப்பியைத் திருப்பிப் பார்த்துவிட்டு முகர்ந்து கண்ணை மூடியதும் எனக்கு அது உறுத்தவில்லை.

அறிகுறி: ஒரு வீட்டில் மட்டும் முகம் கொடுத்துப் பேசவில்லை

அங்கே நீங்கள் இல்லாத நேரத்தில் ஒரு சாவு நடந்திருக்கிறது. வீடியோ அழைப்பில் இரங்கல் சொன்னது கணக்கில் சேராது. பரிசுப் பொருளோடு சுற்றக் கிளம்புவதற்கு முன் துக்கம் விசாரிக்கப் போய்விட வேண்டும். என்றைக்குப் போகலாம் என்பதற்கு வீட்டுக்கு வீடு வழக்கம் இருக்கிறது, அம்மாவைக் கேட்டுக்கொள்ளுங்கள். பழம், இனிப்பு கொண்டுபோகாதீர்கள். பயணக் கதை வேண்டாம், அவர்களாகக் கேட்டாலும் இரண்டு வரியில் முடித்துவிடுங்கள். கிளம்பும்போது பழக்கதோஷத்தில் "போயிட்டு வரேன்" என்று வாயில் வரும், கடித்துக்கொள்ளுங்கள். சொல்லாமல்தான் எழுந்து வர வேண்டும்.

விட்டுப்போன கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பெல்லாம் அடுத்தது. மொய் நோட்டை எடுத்து அவர்கள் நமக்கு எழுதியது எவ்வளவு என்று பாருங்கள். எட்டு மாதத்தில் எனக்கு ஏழு வீடு பாக்கி. கையிருப்போ ஒன்றுமில்லை. அப்பாவிடம் கடன் வாங்கினேன். முப்பது வயதில் மொய்க்குக் கடன் வாங்குவது கூச்சமாகத்தான் இருந்தது. தாமதமானாலும் நேரில் போய்க் கொடுத்தால் தாமதத்தை யாரும் பேசுவதில்லை. ஜிபேயில் அனுப்பினால் ஆயுசுக்கும் பேசுவார்கள்.

அறிகுறி: சொல்ல எவ்வளவோ இருக்கிறது, கேட்க ஆளில்லை

இதற்குத்தான் எனக்கு அதிக நாள் பிடித்தது. போனில் நாலாயிரம் படம். மூன்றாவது படத்துக்கு மேல் யாரும் பார்ப்பதில்லை. நீலக் கடல், வெள்ளை மணல் என்றால் "நாகூர்லயும் கடல் இருக்கு" என்று விடுவார்கள். மனசுக்குள் கோபம், பிறகு ஒரு அலட்சியம், "இவங்களுக்கு என்ன தெரியும்" என்று. அந்த அலட்சியம் தலைகாட்டினால் அது ஊரின் பழுது அல்ல என்று குறித்துக்கொள்ளுங்கள்.

ஜூன் 12 மேட்டூர் திறந்த சாயங்காலம். எங்கள் திண்ணையில் அப்பாவும் கூட்டாளிகளும் தண்ணீர் என்றைக்குக் கல்லணைக்கு வரும், முறை வைப்பார்களா, நாற்றங்கால் விடலாமா என்று பேசிக்கொண்டிருந்தார்கள். காபி கொண்டுபோன நான் சும்மா சொன்னேன், நான் கடைசியாக இருந்த நாட்டில் இந்த மாசம்தான் ஆறு திரும்பி ஓட ஆரம்பிக்கும் என்று.

"திரும்பின்னா?"

"மேல் பக்கமா."

பேச்சு நின்றது. கம்போடியாவின் தலைநகர் புனோம் பென்னில் டோன்லே சாப் ஆறு மீகாங் என்ற பெரிய ஆற்றில் கலக்கிறது. மழைக்காலத்தில் மீகாங் பெருகி வரும்போது, அந்தத் தண்ணீர் டோன்லே சாப்புக்குள் ஏறி, ஆற்றையே எதிர்த் திசையில் தள்ளிக்கொண்டு போய் மேலே இருக்கும் ஏரியை நிரப்பும். ஏரி பல மடங்கு விரியும். மழை ஓய்ந்ததும் ஆறு மறுபடி திரும்பிக் கீழே ஓடும், அதற்கு அவர்கள் திருவிழா எடுத்துப் படகு விடுவார்கள். "நம்ம பதினெட்டாம் பெருக்கு மாதிரி" என்றேன்.

"பாப்பா, இங்கன வந்து உக்காரு" என்றார் சித்தப்பா. "அந்த மீகாங்கு எங்கேர்ந்து வருது? அங்க தண்ணிய யாரு தொறந்து விடுறா?"

திபெத் பீடபூமியில் பிறந்து ஆறு நாட்டைக் கடந்து வியட்நாமில் கடலில் சேர்கிறது என்றேன். மேலே சீனா வரிசையாக அணை கட்டியிருக்கிறது. கடைமடையில் இருக்கும் வியட்நாம்காரன் வயலுக்குள் 2016-லும் 2020-லும் உப்புத் தண்ணீர் உள்ளே ஏறி வந்துவிட்டது. நாலு நாடு சேர்ந்து 1995-ல் ஆணையம் ஒன்று போட்டார்கள், அதில் சீனா உறுப்பினர் இல்லை.

"நமக்காவது கோர்ட்டு இருக்கு" என்றார் ஒருவர். 2018 காவிரித் தீர்ப்பு, 177.25 டி.எம்.சி. என்று எண்ணைச் சொல்லிக்கொண்டார்கள். பிறகு கேள்வி மேல் கேள்வி. அங்கே எத்தனை போகம்? சில இடங்களில் மூன்று. நடவா, தெளிப்பா? நொய்யை என்ன பண்ணுறான்? நொய்யரிசிச் சோறுதான் சைகோனில் காலைச் சாப்பாடு என்றதும் அப்பா சிரித்துவிட்டார். எங்கள் வீட்டில் நொய் கஞ்சிக்கும் கோழிக்கும். எட்டரை மணி வரைக்கும் பேசினேன். படம் ஒன்றும் காட்டவில்லை.

ஆக, உங்கள் ஆட்கள் அன்றைக்கு எதைப் பேசிக்கொண்டிருக்கிறார்களோ அதில் ஒரு இழையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போங்கள். நெசவுக்காரர் வீடு என்றால் லாவோஸ் பட்டு, மீன்காரர் வீடு என்றால் கம்போடியாவின் ஏரி மீன். அவர்கள் கேட்கும்வரை காத்திருந்தால் ஒரு சாயங்காலம் கேட்பார்கள்.

அறிகுறி: வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை

மூன்றாம் வாரம் வரும். ராத்திரி உட்கார்ந்து மலிவு டிக்கெட் தேடுவீர்கள். தேடலாம், வாங்க வேண்டாம், குறைந்தது மொய் பாக்கி தீரும் வரை. எனக்கு வேலை செய்தது, தண்ணீர் வந்த பிறகு தினமும் ஆற்றங்கரையில் சைக்கிள் மிதித்தது. வேலைக்கு விண்ணப்பம் போடும்போது அந்த எட்டு மாதத்தை மறைக்காதீர்கள், ஒரு வரியில் எழுதிவிடுங்கள். நேர்காணலில் என்னிடம் கேட்டது அதைப் பற்றித்தான், மீதியெல்லாம் அவர்களுக்குச் சலிப்பு. தூக்கமும் பசியும் வாரக்கணக்கில் போய், எதிலும் பிடிப்பில்லை என்றால் அது பயண ஏக்கத்தோடு நிற்காது, மனநல மருத்துவரைப் பாருங்கள். 104-க்கு அழைத்தாலும் ஆலோசனை கிடைக்கும்.

அறிகுறி: பர்ஸில் செல்லாத பணம்

டாலர் நோட்டு மிச்சமிருந்தால் அவசரமில்லை. ஊர் திரும்பிய 180 நாளுக்குள் மாற்ற வேண்டும் என்பது விதி, ஆனாலும் 2,000 டாலர் வரை வைத்துக்கொள்ள அனுமதி உண்டு. மலேசிய ரிங்கிட்டை திருச்சியில் கையில் வாங்கிக்கொள்வார்கள், எத்தனையோ பேர் போய் வரும் தடம். லாவோஸ் கிப் நோட்டை அந்த நாட்டு எல்லைக்குள்ளேயே செலவழித்துவிட்டு வாருங்கள், வெளியே யாரும் தொட மாட்டார்கள். என்னுடையது சித்தப்பா கடை மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது.

நாணயம் மலேசியாவிலும் தாய்லாந்திலும் மட்டும்தான் கையில் சேரும், மற்ற மூன்று நாட்டிலும் புழக்கம் நோட்டுதான். நாணயத்தைப் பணமாற்றுக்காரர் வாங்க மாட்டார். தாய்லாந்தின் பத்து பாட் நம்ம பத்து ரூபாயின் நிறத்தைத் திருப்பிப் போட்ட மாதிரி இருக்கும், நடுவில் பித்தளை, சுற்றி வெள்ளி. தெரியாமல்தான் மன்னார்குடி தனியார் பேருந்தில் அதை நீட்டிவிட்டேன். கண்டக்டர் கையில் வாங்காமலேயே சொன்னார், "பத்து ரூவா காயின் செல்லாதும்மா, நோட்டா குடு."